துடிக்கும் இதயத்தைப் படம் பிடிப்பது எப்படி?

மாணவர்களே, கைப்பேசியில் ‘பனோரமா’ படம் எடுத்திருப்பீர்கள். கைப்பேசியைத் திருப்பும்போது நண்பர் நகர்ந்துவிட்டால், படத்தில் அவருக்கு இரண்டு தலைகள் தெரியும். அல்லது உடல் பாதியில் துண்டாகி நிற்கும். நண்பர் நலமாகத்தான் இருக்கிறார், பிழை படத்தில்! இதயத்தை சி.டி. ஸ்கேன் எடுக்கும்போதும் இதே சிக்கல் வருகிறது. ஆனால், அங்கே சிரித்துவிட்டுப் போக முடியாது.

சி.டி. கருவியில் ஊடுகதிர்க் குழாய் நம் உடலைச் சுற்றி வந்து பல கோணங்களில் பதிவு செய்கிறது. இதயப் படம் ஒன்றுக்கு ஏறக்குறைய அரைச் சுற்றுப் பதிவுகள் தேவை. ஒரு சுற்றுக்கு 0.3 வினாடி என்றால், அரைச் சுற்றுக்கு 0.15 வினாடி. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் அகலமோ சில மில்லிமீட்டர்தான். அந்த 0.15 வினாடிக்குள் தமனி நகர்ந்தால் படம் மங்கும். விளிம்பு இரட்டையாகத் தெரியும். இதுவே அசைவுப் பிழை.

இதனால் என்ன ஆபத்து? இல்லாத அடைப்பு இருப்பதுபோல் தோன்றலாம். இருக்கும் அடைப்பு மறைந்தும் போகலாம். பெருந்தமனியின் தொடக்கப் பகுதி அசைந்தால், அதன் சுவர் கிழிந்திருப்பது போன்ற தோற்றம்கூட உண்டாகும்.

மருத்துவர்கள் இதைத் துப்பறிவாளரைப் போல் கண்டுபிடிக்கிறார்கள். பல கருவிகள் இதயத்தை அடுக்கடுக்காக, சில துடிப்புகளில் பதிவு செய்கின்றன. அடுக்குகள் பொருந்தாவிட்டால் படம் படிக்கட்டு போல் உடைந்து தெரியும். அப்போது மார்பெலும்பைப் பார்க்க வேண்டும். எலும்பும் உடைந்து தெரிந்தால், நோயாளி மூச்சு விட்டிருக்கலாம் அல்லது அசைந்திருக்கலாம். எலும்பு சீராக இருந்து இதயம் மட்டும் உடைந்திருந்தால், துடிப்பு சீராக இல்லை என்று சந்தேகிக்கலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. துடிப்பின் வேறொரு கணத்தில் பதிவான படத்தோடு ஒப்பிடுவார்கள். கொழுப்பு படிந்த அடைப்பு அங்கேயும் இருக்கும். அசைவால் வந்த போலி அடைப்பு பெரும்பாலும் மறைந்துவிடும்.

வருமுன் காக்கவும் வழியுண்டு. இசிஜி உதவியுடன் இரு துடிப்புகளுக்கு இடையே இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால், ஒரு துடிப்புக்கு 1 வினாடி. 100 என்றால் 0.6 வினாடிதான். துடிப்பு கூடக்கூட அந்த ஓய்வு நேரமே அதிகமாகக் குறைகிறது. அதனால்தான் தேவைப்பட்டால் மருந்து தந்து துடிப்பைக் குறைக்கிறார்கள். “மூச்சை அடக்குங்கள்” என்கிறார்கள்.

இப்போது உங்கள் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60ஐ அந்த எண்ணால் வகுங்கள். மாடிப்படி ஏறி இறங்கியதும் மீண்டும் எண்ணுங்கள். எந்த நேரத்தில் உங்கள் இதயம் தெளிவான படம் தரும்?