மெய்யறியும் வாசிப்பு

வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில், மரத்தின்மேல் வாழும் ஆக்டோபஸ் இனம் ஒன்று அழிந்து வருவதாகக் கூறும் அகப்பக்கம் 1998ஆம் ஆண்டு இணையத்தில் தோன்றியது. அவ்வுயிரினத்தின் படம், வாழிடம், உணவு, இனப்பெருக்கம் ஆகிய அனைத்தும் அதில் விளக்கப்பட்டிருந்தன. உண்மையில் அப்படியோர் உயிரினம் உலகில் எங்குமே இல்லை. அந்தப் பக்கம் முழுவதும் வேடிக்கைக்காகப் புனையப்பட்டதாகும். சில ஆண்டுகளுக்குப் பின்னர், கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு லியுவின் ஆய்வுக் குழுவினர், இணையத்தில் சிறப்பாக வாசிக்கக்கூடிய 25 மாணவர்களிடம் அப்பக்கத்தைக் கொடுத்தனர். ஏறக்குறைய அனைவருமே அது நம்பத்தக்கது என்று கூறினர். அது வெறும் புனைவு என்று ஆய்வாளர்கள் எடுத்துரைத்த பின்னரும் சிலர் ஏற்க மறுத்தனர்.

திறன்பேசியோடு வளரும் இளையோர் இணையத்தை நன்கு அறிந்தவர்கள் என்று பெரியவர்கள் பலர் எண்ணுகின்றனர். ஆனால், கருவியை விரைவாக இயக்குவது வேறு. அதில் வரும் தகவலை எடைபோடுவது வேறு. தகவலைத் தேடிப் பெறவும், அதன் நம்பகத்தன்மையை மதிப்பிடவும், அதைப் பொறுப்புடன் பயன்படுத்தவும் உதவும் ஆற்றலே ஊடக எழுத்தறிவு எனப்படுகிறது. இவ்வாற்றல் தானாக வந்துவிடுவதில்லை என்பதைக் கடந்த பல ஆண்டுகளாக நடைபெற்றுள்ள கல்வி ஆய்வுகள் காட்டுகின்றன.

இத்துறையில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக் குழு குறிப்பிடத்தக்க பணி ஆற்றியுள்ளது. பேராசிரியர் சாம் வைன்பர்க் தலைமையிலான அக்குழு, 12 மாநிலங்களில் திரட்டிய 7,804 விடைகளை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. ஒரு சோதனையில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு வடிவம் சிதைந்த வெண்ணிறப் பூக்களின் நிழற்படம் காட்டப்பட்டது. ஜப்பானின் புக்குஷிமா அணுமின் நிலைய விபத்தால் அப்பூக்கள் அவ்வாறு மாறின என்று படத்துடன் எழுதப்பட்டிருந்தது. அந்நிலையத்தின் சுற்றுப்புற நிலைமைக்கு இப்படம் வலுவான சான்றாகுமா என்பதே கேள்வி. ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் ஆகும் என்றனர். படத்தை எடுத்தவர் யார், எங்கே எடுத்தார் என்பதற்கு எந்தக் குறிப்பும் அதில் இல்லை. கதிர்வீச்சே இல்லாத இடங்களிலும் இயற்கையான காரணங்களால் பூக்கள் இவ்வாறு உருமாறுவது உண்டு. கண்ணால் கண்டதே மெய் என்னும் எண்ணம் அம்மாணவர்களை ஏமாற்றிவிட்டது.

மாணவர்கள்தாம் இவ்வாறு தடுமாறுகின்றனர், கற்றறிந்தோர் தடுமாறமாட்டார்கள் என்று கருதுவதற்கும் இடமில்லை. 2017ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்று அறிஞர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர், செய்தி நிறுவனங்களில் தகவல்களின் உண்மையைச் சரிபார்க்கும் பணியாளர்கள் 10 பேர் ஆகியோர் அதில் பங்கேற்றனர். பள்ளிகளில் நிகழும் பகடிவதை குறித்து இரண்டு மருத்துவர் அமைப்புகள் வெளியிட்ட இரு கட்டுரைகள் அவர்களிடம் கொடுக்கப்பட்டன. இவற்றுள் எது கூடுதல் நம்பகமானது என்பதை அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

அவ்விரு அமைப்புகளின் பெயர்களும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால், அவற்றின் பின்னணியில் பெரும் வேறுபாடு இருந்தது. ஒன்று 1930ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, அறுபதாயிரத்துக்கும் அதிகமான குழந்தை மருத்துவர்களை உறுப்பினராகக் கொண்டது. மற்றொன்று கொள்கை வேறுபாட்டால் அதிலிருந்து பிரிந்த சிலர் 2002ஆம் ஆண்டு தொடங்கிய சிறிய அமைப்பு. இந்த உண்மை கட்டுரைகளில் எங்கும் எழுதப்படவில்லை. தகவல் சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேரும் சரியான முடிவுக்கு வந்தனர். வரலாற்று அறிஞர்களுள் பாதிப் பேரே சரியாகக் கணித்தனர். மாணவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் சிறிய அமைப்பையே கூடுதல் நம்பகமானது என்று தேர்ந்தெடுத்தனர்.

அறிவுத்திறனில் குறைவில்லாத பலர் ஏன் தவறினர்? விடை அவர்கள் வாசித்த முறையில் இருந்தது. மாணவர்களும் அறிஞர்களும் கட்டுரையை மேலிருந்து கீழாகக் கவனமாக வாசித்தனர். அழகிய வடிவமைப்பு, நிறுவனச் சின்னம், மேற்கோள் பட்டியல், பிழையற்ற மொழிநடை ஆகியவற்றைக் கண்டு மதிப்பிட்டனர். இவை அனைத்தும் அகப்பக்கத்தை உருவாக்கியவர் விருப்பம்போல் அமைக்கக்கூடியவை. கடையின் அலங்காரத்தைக் கண்டு சரக்கின் தரத்தை முடிவு செய்வதற்கு இஃது ஒப்பாகும்.

தகவல் சரிபார்ப்பாளர்களின் வழி முற்றிலும் வேறானது. அறிமுகமில்லாத பக்கத்தைக் கண்டதும் அவர்கள் நெடுநேரம் அதில் தங்கவில்லை. சில வினாடிகளிலேயே உலாவியில் புதிய பக்கங்களைத் திறந்து, அவ்வமைப்பைப் பற்றிப் பிறர் என்ன கூறுகின்றனர் என்று தேடினர். வெளியிட்டவர் யார் என்பதைத் தெரிந்துகொண்ட பின்னரே மூலக் கட்டுரைக்குத் திரும்பினர். தேடல் முடிவுகளையும் அவர்கள் அவசரமாகத் திறக்கவில்லை. முதலில் வந்த முடிவே சிறந்தது என்று கருதாமல், பட்டியல் முழுவதையும் பார்வையிட்ட பின்னர் எதைத் திறப்பது என்று முடிவு செய்தனர். ஒரு பக்கத்திலிருந்து பல பக்கங்களுக்குச் சென்று ஒப்பிடும் இம்முறைக்கு ஆய்வாளர்கள் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயரிட்டனர். இதனால் அவர்கள் குறைவாக வாசித்தே அதிகமாகத் தெரிந்துகொண்டனர்.

இத்திறன் இல்லாமை எவ்வளவு பரவலானது என்பதை அதே குழுவினர் 3,446 உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு காட்டியது. அதன் முடிவுகள் 2021ஆம் ஆண்டு வெளியாயின. அமெரிக்கத் தேர்தலில் மோசடி நடந்ததாகக் கூறும் காணொளி ஒன்றை மாணவர்கள் பார்த்தனர். உண்மையில் அது ரஷ்யாவில் பதிவான காட்சியாகும். சிறிது தேடினாலே இது தெரிந்திருக்கும். ஆயினும், 52 விழுக்காட்டினர் அதை வலுவான சான்று என்றனர். காணொளியின் மூலத்தைக் கண்டறிந்தவர்கள் மூவர் மட்டுமே. அம்மாணவர்கள் சில ஆண்டுகளில் வாக்களிக்கப் போகிறவர்கள் என்பதால் இதனைச் சிறிய தவறென்று ஒதுக்கிவிட இயலாது.

எனினும், இக்குறை தீர்க்கக்கூடியதே. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு நகரப் பள்ளிகளில் நடந்த ஆய்வு நம்பிக்கையூட்டும் விடையைத் தந்தது. 2022ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில் 499 மாணவர்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வழக்கமான பாடத்தைப் பயின்றனர். மற்றொரு பிரிவினருக்கு, ஐம்பது நிமிடங்கள் கொண்ட ஆறு பாடவேளைகளில் பக்கவாட்டு வாசிப்பு கற்பிக்கப்பட்டது. பின்னர் நடந்த சோதனையில், பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். நல்ல வழிகாட்டல் இருந்தால் சில மணி நேரப் பயிற்சியும் பயன் தரும் என்பதை இது உணர்த்துகிறது.

அப்பயிற்சியின் அடிப்படை மூன்று கேள்விகளாகும். தகவலின் பின்னால் இருப்பவர் யார்? அவர் காட்டும் சான்று என்ன? பிற மூலங்கள் என்ன கூறுகின்றன? எடுத்துக்காட்டாக, ஒரு பழச்சாறு நீரிழிவு நோயை ஒரே வாரத்தில் குணப்படுத்தும் என்ற செய்தி புலனத்தில் வருவதாகக் கொள்வோர், முதலில் அதை எழுதியவர் யார் என்று தேட வேண்டும். அவர் அச்சாற்றை விற்பவராக இருந்தால் எச்சரிக்கை தேவை. ‘மருத்துவர்கள் வியப்பு’ என்னும் சொற்றொடர் சான்று ஆகாது. அதன் பிறகு சுகாதார அமைச்சு, மருத்துவமனைகள், நம்பகமான நாளேடுகள் ஆகியவை இது குறித்து என்ன கூறுகின்றன என்று பார்க்க வேண்டும். இத்தேடலுக்குச் சில நிமிடங்களே போதும். அதைச் செய்யாமல் செய்தியைப் பகிர்ந்தால், குடும்பத்து முதியவர் ஒருவர் அதை நம்பி மருந்தை நிறுத்திவிடக்கூடும். அதன் விளைவு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதற்கான உதவிகள் கிடைக்கின்றன. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017ஆம் ஆண்டு ‘செபெனார்ஞா’ என்னும் அகப்பக்கத்தைத் தொடங்கியது. பரவி வரும் ஐயத்திற்குரிய செய்திகளைப் பொதுமக்கள் அங்குச் சரிபார்க்கலாம். சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 2013ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் திட்டம், மூலத்தை அறிதல், புரிந்துகொள்ளுதல், ஆராய்தல், மதிப்பிடுதல் ஆகிய நான்கு படிகளைக் கற்பிக்கிறது. பள்ளி நூலகங்களும் இப்பழக்கத்தை வளர்க்க ஏற்ற இடங்களாகும்.

ஊடக எழுத்தறிவு என்பது எதையும் நம்பாமல் இருப்பதன்று. எல்லாமே பொய் என்று ஒதுக்குபவர், மெய்யான செய்தியையும் இழந்துவிடுகிறார். ஆராயாமல் நம்புபவரைப் போலவே அவரும் ஏமாறுகிறார். தகவல் சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேரும் இறுதியில் ஓர் அமைப்பை நம்பவே செய்தனர். அந்த நம்பிக்கைக்குரிய காரணத்தை அவர்கள் தேடிக் கண்டடைந்தனர் என்பதே மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த வேறுபாடு. பகிரும் பொத்தானை அழுத்துவதற்கு முன் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து தேடும் பழக்கத்தை ஒவ்வொரு மாணவரும் இன்றே தொடங்கலாம்.