லாட்ஜ் ரவுட்டருக்குள் யார் நுழையலாம்?

கந்த சஷ்டி நெருங்கிவிட்டால் திருச்செந்தூரில் ஓர் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அறை கிடைத்த நிம்மதியில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு, வைஃபை பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு மாடியேறுகிறோம். அந்த வைஃபை, வரவேற்பறைக் கணினி, வராந்தா கேமராக்கள் எல்லாம் ஒரே ரவுட்டரில் மாட்டப்பட்டிருந்தால், தங்க வந்த எவரும் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து அதன் லாகின் பக்கத்தைத் திறந்துவிடலாம். பெட்டியோடு வந்த 'அட்மின்' பாஸ்வேர்டு மாற்றப்படாமல் இருந்தால் பிறகு கேட்கவே வேண்டாம்.

2016-ல் 'மிராய்' என்ற தீநிரல் செய்தது இதைத்தான். கம்பெனி வைத்தனுப்பிய 60-க்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டே உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி இணையப் பெயர்ச் சேவை (டிஎன்எஸ்) தரும் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திணறின.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் போதுமா? போதாது. 2018-ல் மைக்ரோடிக் ரவுட்டர்களின் 'வின்பாக்ஸ்' நிர்வாக வசதியில் ஓர் ஓட்டை தெரியவந்தது. பாஸ்வேர்டு தெரியாதவரும் பயனர் கோப்பை வெளியிலிருந்தே படித்துவிடலாம். ஏப்ரலிலேயே திருத்தம் வந்தும் போடாமல் விட்ட ரவுட்டர்கள் லட்சக்கணக்கில் வசப்படுத்தப்பட்டன. அவற்றின் வழியே இணையம் பார்த்தவர்களின் கணினிகளில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் புகுந்தது. நிர்வாக லாகின் எந்த ஐபி முகவரியிலிருந்து வரலாம் என்று ஃபயர்வாலில் முன்பே வரையறுத்தவர்கள் தப்பினார்கள். பூட்டு பழுதானாலும் வாசல்வரை வரவே ஆளில்லை.

நம் கடற்கரையிலேயே ஒரு பாடம் உண்டு. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் என்ற செய்தியை நிலையத் தரப்பினர் முதலில் மறுத்தார்கள். மறுநாள், 30-ம் தேதி, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான இணைய வலையமைப்பில் இருந்த கணினி, உலையின் முக்கிய வலையமைப்பு அதிலிருந்து தனித்திருக்கிறது என்றது. மறுப்பு சரியில்லை, பிரித்துவைத்தது சரி. லாட்ஜுக்கும் அதுவே வழி: விருந்தினர் வைஃபை தனி, கேமராவும் கணக்கும் தனி.

நீங்கள் லாட்ஜ் நடத்துபவரென்றால், கேமரா பதிவுப் பெட்டியிலும் ரவுட்டரிலும் ஐபி வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் தடைப் பட்டியல் போடுவது வீண்வேலை. திருடன் அடுத்த முகவரியிலிருந்து வருவான். அனுமதிப் பட்டியல்தான் வேண்டும், அதில் உங்கள் அலுவலகக் கணினியின் முகவரியை முதலில் சேர்த்துவிட்டு மற்றதை மூடுங்கள். வரிசை மாறினால் நீங்களே வெளியே நிற்பீர்கள், இது பழகிய டெக்னீஷியன்களுக்கும் நடப்பதுதான். மொபைல் டேட்டாவின் ஐபியை நம்பிச் சேர்க்காதீர்கள். அது மாறும், ஒரே முகவரியைப் பலர் பகிரவும் கூடும். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் போடச் சொல்லுங்கள். கம்பெனி சர்வர் வழியாக ஓடும் கேமரா ஆப்புக்கு இந்த வடிகட்டி பெரும்பாலும் காவலாகாது. அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு தேவை.

யாரோ நுழைந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே ரவுட்டரை ரீசெட் செய்யாதீர்கள், லாக் பதிவு அழிந்துபோகும். முதலில் அதைப் படமெடுத்துச் சேமியுங்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ம் பிரிவில் இழப்பீட்டுக்குரியது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையைத் தீர்ப்பு அதிகாரியான மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் வைக்கலாம். கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தரங்கப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ 66இ. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தங்கிச் சென்றவர் ஊர் திரும்பிய பிறகு விஷயம் தெரியவந்தாலும் திருச்செந்தூருக்கு ஓடி வர வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி உங்கள் ஊர் காவல் நிலையத்திலேயே 'ஜீரோ எஃப்ஐஆர்' பதியச் சொல்லலாம்.