கடிகாரம் வரையச் சொல்வது எதற்கு?

பெரியவரிடம் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கொடுக்கிறார்கள். "ஐயா, ஒரு கடிகாரம் வரைங்க. மணி பதினொன்னு பத்து காட்டணும்." வட்டம் நன்றாகவே வருகிறது. எண்களும் இடம் மாறாமல் உட்காருகின்றன. சின்ன முள் 11-க்குப் போகிறது. பெரிய முள்ளுக்கு வரும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. பிறகு 10-ஐ நோக்கி இழுத்துவிடுகிறது.

பத்து நிமிடம் என்றால் முள் 2-இல் நிற்க வேண்டும். காதில் விழுந்த ‘பத்தை’ ஒதுக்கிவிட்டு அதை 2 என்று மாற்றிக்கொள்வதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளர்ந்தால் முள் 10-லேயே போய் ஒட்டிக்கொள்ளும். வலப்பக்க மூளையில் பக்கவாதம் தாக்கிய சிலர் 12 எண்களையும் வட்டத்தின் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதுவார்கள். கண்ணில் கோளாறு இருக்காது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்கள் கவனத்துக்கு வராது.

நினைவு, கவனம், மொழி, திட்டமிடல், கணக்கு என்று மூளையின் வேலைகளை இப்படித் தனித்தனியாகச் சோதித்துப் பார்ப்பதுதான் நரம்பியல் உளவியல் மதிப்பீடு. ஊசி கிடையாது, வலி கிடையாது. சில மணி நேரம் ஆகும். களைப்பாக இருந்தால் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஸ்கேன்தான் எடுத்தாச்சே?

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட இளைஞருக்கு ஸ்கேனில் எதுவும் தெரியாமல் போகலாம். ஆனால் வேலைக்குத் திரும்பியதும் கணக்கு தப்புகிறது, இரண்டு பேர் சேர்ந்து பேசினால் எரிச்சல் வருகிறது, ஆரம்பித்த வேலை பாதியில் நிற்கிறது. வீட்டார் சோம்பேறித்தனம் என்கிறார்கள். நாம் வழக்கமாக எடுக்கும் ஸ்கேன் மூளையின் உருவத்தைத்தான் காட்டும். அது எப்படி வேலை செய்கிறது என்பதை, வேலை கொடுத்துப் பார்த்தால்தான் அறிய முடியும். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது அப்படி ஒரு சோதனை. சொல்லை வாசிக்கத் துடிக்கும் நாக்கை அடக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அதில் பார்க்கிறார்கள்.

மறதியிலும் ரகம் உண்டு

15 சொற்களை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். இப்படி ஐந்து முறை. இடையில் வேறு வேலை கொடுத்துவிட்டு, சுமார் அரைமணி கழித்து மறுபடியும் கேட்கிறார்கள். ஒருவர் ஐந்தாறு சொல்தான் சொல்கிறார், ஆனால் சொற்களைக் கலந்து சொல்லி, "இது இருந்துச்சா?" என்று கேட்டால் சரியாக அடையாளம் காட்டிவிடுகிறார். சொல் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் வரவில்லை. மனச்சோர்விலும் தூக்கக் குறைவிலும் இப்படி நேர்வதுண்டு. இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தாலும் தெரியவில்லை. சொல் பதியவே இல்லை. அல்சைமர் நோயின் தொடக்கத்தில் பெரும்பாலும் காண்பது இதைத்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் இருவருக்கும் ஒரே மறதி, சிகிச்சை ஒன்றல்ல. தைராய்டு, பி12 குறைவினாலும் மறதி வரும். அந்த ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள். ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

"வாயால் கேட்டா சொல்றான், எழுதச் சொன்னா முடியல"

இதைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. எழுத்தை ஒலியோடு சேர்ப்பதில் சிக்கலா, கவனம் நிற்கவில்லையா, ஒட்டுமொத்த அறிவு வளர்ச்சியே தாமதமா, காது சரியாகக் கேட்கவில்லையா? நான்கும் மதிப்பெண் பட்டியலில் ஒரே சிவப்புக் கோடாகத்தான் வரும். சோதனையில் சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கி மளமளவென்று வடிவம் கொண்டுவரும் பிள்ளை, ஒரு பத்தியை வாசிக்கத் திணறினால் அவனை மந்தம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியதே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடாதீர்கள். மூன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டால் கற்பிக்கும் முறையையே மாற்றிக்கொள்ளலாம்.

அளவுகோல் யாருடையது?

பள்ளிக்கே போகாத பாட்டியிடம் பென்சிலைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொல்லி, வராததை நோய் என்று எழுதுவது அநியாயம். அவருடைய வயது, படிப்பு, மொழி உள்ளவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் நம் நாட்டுப் பெரியவர்களுக்கான அளவுகள் இருக்கின்றன. கதையை நினைவில் வைத்துச் சொல்லும் சோதனையாக இருந்தால், மேடைத்தமிழில் வாசிக்காமல் அவர்கள் பேசும் தமிழில் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

போகும் முன்

மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி இரண்டையும் மறக்காதீர்கள். வழக்கமான மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். பிள்ளையின் பரீட்சைத்தாளோடு வகுப்பு நோட்டையும் எடுத்துப் போங்கள். அடித்தல் திருத்தல்களில் நிறையச் செய்தி இருக்கும். சோதனைகளை வீட்டில் முன்கூட்டியே பழக்கிவிட்டால் முடிவு பொய்த்துப்போகும். பிள்ளை திணறும்போது பக்கத்திலிருந்து விடையை எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

அறிக்கை வந்ததும் கோப்பில் வைத்து மூடிவிடாமல், எதிரே உட்கார்ந்து விளக்கம் கேளுங்கள். ஒரே நேரத்தில் மூன்று வேலை சொன்னால் பிள்ளைக்கு நினைவில் நிற்காது என்று தெரிந்தால், "பல் தேச்சு, குளிச்சு, பையை எடுத்துக்கிட்டு வா" என்று காலையில் கத்துவதை நாளைக்கே நிறுத்தலாம். ஒவ்வொன்றாகச் சொல்லலாம்; குளியலறைக் கதவில் மூன்று படம் வரைந்து ஒட்டலாம்.