ஊமைக் கிதார் மீண்டும் பேசும்

மேகாலயாவின் தலைநகரம் ஷில்லாங். மலை ஊர். பாட்டுக்கும் கிதாருக்கும் பேர்போன ஊர். பாப் டிலான் என்ற அமெரிக்கப் பாடகரின் பிறந்த நாளை அங்கே 1972-இல் கொண்டாடத் தொடங்கினார், லூ மஜாவ் என்ற உள்ளூர்ப் பாடகர்.

அந்த ஊரில் ஒரு மின் கிதார் திடீரென ஊமையானால்? தந்தி இருக்கிறது. விரல் மீட்டுகிறது. ஸ்பீக்கரில் மட்டும் ஓசை இல்லை. வயரும் சொருகும் இடமும் சரியாக இருந்தால், பழுது பிக்கப்பில் இருக்கலாம். புதிது வாங்கக் கையில் காசு இல்லையா? பழையதையே திரும்பச் சுற்றலாம்.

பிக்கப் என்பது தந்திகளுக்கு அடியில் இருக்கும் சிறு கட்டை. அதற்குள் காந்தமும், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். மின்விசிறிக்குக் காயில் கட்டுகிறார்களே, அதற்குத் தம்பி இது. காந்தத்தின் மேலே எஃகுத் தந்தி அதிரும். உடனே சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கும். நைலான் தந்தி போட்டால் இது வேலை செய்யாது.

பழைய கம்பியை அவசரப்பட்டு அறுக்க வேண்டாம். முதலில் மல்டிமீட்டரால் பாருங்கள். ஏறத்தாழ 6,000 ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. சில நேரம் வெளி முனையில்தான் அறுந்திருக்கும். அங்கே ஈயப்பற்று வைத்தால் போதும்.

உள்ளே அறுந்திருந்தால் பழைய கம்பியை எடுத்துவிட்டு, அதே கட்டையில் சுற்ற வேண்டும். எத்தனை சுற்று தெரியுமா? சுமார் 8,000! கம்பியின் நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். எடையோ 40 கிராம்கூட வராது. அவ்வளவு மெல்லிய கம்பி. தலைமுடி போல இருக்கும்.

கம்பி வாங்கும்போதுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இந்தக் கம்பிக்கு அமெரிக்கக் கணக்கில் 42-ஆம் நம்பர். பிரிட்டிஷ் கணக்கில் 46-ஆம் நம்பர். நம் ஊர் வைண்டிங் கடைகளில் பிரிட்டிஷ் கணக்கு வழக்கம். அங்கே 42 என்று கேட்டால் 0.10 மில்லிமீட்டர் கம்பி கிடைக்கும். அது தடிமன். கட்டையில் 8,000 சுற்று கொள்ளாது. "0.06 மில்லிமீட்டர், எனாமல் பூசியது" என்று கேளுங்கள். நம்பர் குழப்பமே வராது.

சுற்றுவதற்குக் கையால் சுழற்றும் டிரில் போதும். கைப்பிடி ஒரு தடவை சுற்றினால் முனை எத்தனை தடவை சுற்றுகிறது? எண்ணிக்கொள்ளுங்கள். 4 தடவை என்றால், கைப்பிடியை 2,000 தடவை சுற்ற வேண்டும். நூறுக்கு ஒரு கோடு தாளில் போடுங்கள். பத்து இருபது தவறினால் குற்றமில்லை. கம்பியை மெல்லிய துணிக்குள் விட்டுப் பிடியுங்கள். இறுக்கினால் அறும். தளர்ந்தால் பிதுங்கும். நடுவில் அறுந்ததா? எனாமலைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, மேலே டேப் ஒட்டித் தொடரலாம். முதல் முறை அறாமல் சுற்றுகிறவர் அபூர்வம்.

சுற்றிய பிறகு மெழுகில் முக்க வேண்டும். இல்லையென்றால் தளர்ந்த சுற்றுகள் அதிர்ந்து, ஸ்பீக்கர் கீச்சிடும். மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். குமிழி நின்றதும் எடுத்துவிடலாம்.

ஆம்ப்ளிஃபையர் பிளக்கில் மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் சொருகுவது சிலருக்குப் பழக்கம். அது எர்த் பின். கிதாரின் தந்தி வயர் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உடலோடு இணைந்திருக்கிறது. எர்த் இல்லாத பெட்டியில் மின்சாரம் கசிந்தால், அது தந்தி வழியாக விரலுக்கு வந்துவிடும்.