பள்ளி நூலகர் உருவாக்கத்தில் களப்பயிற்சி: அமெரிக்க நடுநிலைப் பள்ளிச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி நூலகர் ஆவதற்கான கல்வியில், வகுப்பறைப் பாடத்தால் தர இயலாது களப்பயிற்சியால் மட்டுமே கைவரும் திறன்கள் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அமெரிக்க நடுநிலைப் பள்ளி நூலகம் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பள்ளி நூலகர், களப்பயிற்சி, வழிகாட்டி நூலகர், வினா உரையாடல், நூல் களைதல்.

முன்னுரை

பகுப்பாக்கம், நூற்பட்டியலாக்கம், நூல் தேர்வு ஆகியவற்றை நூலகவியல் பாடநூல்கள் தெளிவுறக் கற்பிக்கின்றன. பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் நூல் வழங்கும் மேசை முன் வந்து நின்று, ஒன்றும் கேளாமல் திரும்பிச் செல்லும்போது நூலகர் செய்யத்தக்கது யாது என்பதற்கு அவற்றில் விடை இல்லை. அத்தகைய இடங்களில்தான் களப்பயிற்சியின் தேவை எழுகிறது.

தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி என்பது பெரும்பாலும் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளைக் குறிக்கும். அமெரிக்காவில் அது பொதுவாக 6 முதல் 8 வரையிலான மூன்று வகுப்புகளை மட்டுமே குறிக்கும். இக்கட்டுரையில் அச்சொல் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

பணியும் தகுதியும்

நூலகப் பள்ளியில் முறையாகப் பயின்று, பள்ளி ஒன்றில் நூலகராக அமர்த்தப்பட்ட முதல் அமெரிக்கராக மேரி கிங்ஸ்பரி பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். அவர் 1900ஆம் ஆண்டு புரூக்ளினில் உள்ள எராஸ்மஸ் ஹால் உயர்நிலைப் பள்ளியில் பணியேற்றார். அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் 1951இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் தனிப் பிரிவாயிற்று. அச்சங்கம் 2018இல் வெளியிட்ட தேசியத் தரநிலைகள் பள்ளி நூலகருக்கு ஐந்து பொறுப்புகளை வகுத்துள்ளன. தலைவர், கற்பித்தல் துணைவர், தகவல் வல்லுநர், ஆசிரியர், திட்ட நிருவாகி என்பன அவை. நூல்களின் காவலர் என்ற பொறுப்பு இவற்றுள் இல்லை.

தகுதி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளி நூலகர் சான்றிதழ் பெற முதுநிலைப் பட்டமும், ஈராண்டு வகுப்பறைக் கற்பித்தல் அனுபவமும், 160 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும். முன்னரே ஆசிரியராக இருந்தவர் மீண்டும் பயிற்சியாளராகிறார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

தமிழ் வாசகருக்கு இந்நிலை புதிதன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த சீ. இரா. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பின்னர் இலண்டன் சென்று பயின்றார். அங்குக் குரோய்டன் பொது நூலகத் தலைவராக இருந்த பெர்விக் சேயர்சின் வழிகாட்டலில் நூலக நடைமுறையை நேரில் கண்டு கற்றார். அவரது ஐந்து விதிகள் 1931இல் நூலாயின. வாசகரையும் அவருக்குரிய நூலையும் சந்திக்கச் செய்வதே நூலகப் பணி என்னும் அவரது கருத்து, பாடமாகப் படிக்கும்போது எளிதாகத் தோன்றும். மேசையருகே நிற்கும்போதுதான் அதன் கடினம் விளங்கும்.

கேட்கப்படாத வினா

மாணவர் முதலில் கேட்கும் வினாவும் அவருக்கு உண்மையில் தேவைப்படுவதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. 'போரைப் பற்றிய புத்தகம் இருக்கிறதா?' என்று ஒரு 7ஆம் வகுப்பு மாணவர் கேட்பதாகக் கொள்வோம். பயிற்சியாளர் டியூயி தசமப் பகுப்பில் 900 வரிசையைச் சுட்டிக் காட்டினால், விடை பிழையன்று. ஆனால் பயன் இராது. அம்மாணவருக்கு வேண்டியது உள்நாட்டுப் போர் குறித்த ஒப்படைப்புக்கான இரண்டு பக்கங்களாக இருக்கலாம். போர்க்களத்திலிருந்து திரும்பிய தாத்தாவைப் புரிந்துகொள்ள ஒரு புதினமாகவும் இருக்கலாம். இதைக் கண்டறியும் வினா உரையாடலைப் பாடநூல் படிநிலைகளாகத் தருகிறது. எந்த நொடியில் மேலும் ஒரு கேள்வி கேட்கலாம், எப்போது மௌனமாக உடன் நடந்து அலமாரிவரை செல்ல வேண்டும் என்பதை வழிகாட்டி நூலகரைப் பார்த்தே அறிய முடியும்.

கரோல் குல்த்தாவ் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமிருந்து தொடங்கி வளர்த்த தகவல் தேடல் படிநிலைக் கோட்பாடு இங்குத் துணைநிற்கிறது. தலைப்பைத் தேர்ந்தவுடன் மாணவருக்கு நம்பிக்கை கூடுகிறது. தேடத் தொடங்கியபின் குழப்பமும் ஐயமும் மிகுகின்றன என்பது அவரது முடிவு. தேடலின் நடுவே மாணவர் 'வேறு தலைப்பு வேண்டும்' என்று வந்து நின்றால், புதிய பயிற்சியாளர் அதனைச் சோம்பல் எனக் கருதக்கூடும். கோட்பாட்டை அறிந்தவர், அதைத் தேடலின் இயல்பான ஒரு கட்டமாகக் கொள்வர். கோட்பாட்டை அறிந்தும், நேரில் அந்த முகத்தைப் பார்க்கும்வரை அதனை அடையாளம் காணாதவரே பலர்.

களைதலும் தீர்ப்பும்

பயிற்சியாளர் மிகவும் தயங்கும் பணி நூல் களைதல். டெக்சாஸ் மாநில நூலகத்திற்காக ஜோசப் சீகல் 1976இல் உருவாக்கிய 'குரூ' முறை இதற்குப் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. தவறான செய்தி தருவது, சிதைந்தது, புதிய பதிப்பால் மாற்றப்பட்டது, மதிப்பற்றது, அப்பள்ளிக்குப் பொருந்தாதது, வேறிடத்தில் எளிதில் கிடைப்பது என ஆறு அளவுகோல்களை அது தருகிறது. அளவுகோல் தெளிவானது என்பதால் பணியும் எளிதாகிவிடுவதில்லை. சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் எனக் கூறும் வண்ணப் படநூல், புளூட்டோ 2006இல் குறுங்கோளாக வகைப்படுத்தப்பட்ட பின்னர் முதல் அளவுகோலுக்கே உட்படுகிறது. ஆனால் அந்நூலே ஓராண்டில் மிகுதியாக இரவல் பெறப்பட்டதாகவும் இருக்கக்கூடும். நீக்குவதா, மாற்று நூல் வரும்வரை பொறுப்பதா என்ற தீர்ப்பை அட்டவணை எதுவும் தராது. வழிகாட்டி நூலகர் முடிவெடுக்கும்போது அதன் காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் மட்டுமே பயிற்சியாளர் அதைக் கற்கிறார். அனுபவம் மிக்க பலர் காரணம் சொல்வதில்லை. அவர்களுக்கே அது பழக்கமாகிவிட்டிருக்கும். செயலின்போது சிந்தித்தல், செயலுக்குப் பின் சிந்தித்தல் என டொனால்ட் ஷோன் 1983இல் வேறுபடுத்தியதன் பயன் இங்குதான் தெரிகிறது. பயிற்சியாளர் எழுதும் நாட்குறிப்பு, நாள்தோறும் நடந்தவற்றின் பட்டியலாக இருப்பதைவிட, சொல்லப்படாத காரணங்களைக் கேட்டுப் பதிவதாக இருத்தல் நன்று.

ஆட்சேபம் எழும்போது

நடுநிலைப் பள்ளி நூலகத்தின் தனிச் சிக்கல் வயது. பதினொரு வயதுக் குழந்தையும் பதினான்கு வயது இளையோரும் ஒரே அலமாரியிலிருந்து நூல் எடுக்கின்றனர். 8ஆம் வகுப்பு மாணவருக்கென வாங்கிய இளையோர் புதினம் 6ஆம் வகுப்பு மாணவரின் வீட்டிற்குச் செல்லும்போது பெற்றோரின் ஆட்சேபம் எழலாம். தானே விளக்கமளிக்க முனைவதும், நூலை உடனே மறைத்து வைப்பதும் பயிற்சியாளர் செய்யக்கூடிய இருவகைப் பிழைகள். எழுத்து வழியான மறுபரிசீலனைப் படிவத்தைத் தருவதும், குழு முடிவெடுக்கும்வரை நூலை அலமாரியிலேயே வைத்திருப்பதும் தொழில்முறை சார்ந்த நெறி.

இந்நெறியின் பின்னணியில் ஒரு வழக்கு உள்ளது. நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் கல்வி மாவட்டத்தில், இடைநிலை, உயர்நிலைப் பள்ளி நூலகங்களிலிருந்து சில நூல்கள் அகற்றப்பட்டதை மாணவர்கள் எதிர்த்தனர். 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நூலின் கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி வாரியம் அதனை நூலகத்திலிருந்து நீக்க இயலாது என முதன்மைக் கருத்துரை கூறிற்று. எனினும் நீதிபதிகளின் பெரும்பான்மை ஒரே காரணத்தில் ஒன்றுபடாததால் அதன் வலிமை இன்றும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது. தீர்ப்பை நன்கறிந்த பயிற்சியாளரும், சினத்துடன் நிற்கும் பெற்றோரிடம் குரலை உயர்த்தாமல் படிவத்தை நீட்டுவதை யாரேனும் செய்து பார்த்தே கற்க வேண்டியுள்ளது.

தனியுரிமையும் இவ்வாறே. காலம் கடந்த நூல்களுக்கான நினைவுச் சீட்டை வகுப்பறையில் விநியோகிக்கும்போது நூற்பெயர் வெளித்தெரியாதவாறு மடித்துத் தருவது சிறிய செயல். பூப்பு குறித்தோ பெற்றோர் மணமுறிவு குறித்தோ நூல் எடுத்த மாணவருக்கு அது சிறிய செயலன்று.

வழிகாட்டி இல்லாத நூலகம்

மேற்கூறியவை யாவும் ஒரு நிபந்தனையைச் சார்ந்துள்ளன: களத்தில் தகுதிபெற்ற நூலகர் ஒருவர் இருத்தல் வேண்டும். அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் நூலகர் பணியிடங்கள் 2009-10க்கும் 2018-19க்கும் இடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. குறைந்த இடங்களில் நூலகம் மூடப்படுவதில்லை என்பதே இதனை எளிதில் கண்டறிய விடாத காரணம். உதவியாளர் ஒருவர் நூல்களை வழங்குகிறார், பட்டைக்குறி வருடப்படுகிறது, அலமாரிகள் ஒழுங்காக உள்ளன. அங்கு அனுப்பப்படும் பயிற்சியாளர் நூல் அடுக்கக் கற்றுக்கொள்வார். புளூட்டோ நூலை நீக்குவதா என்றோ, ஆட்சேபப் படிவம் எங்கே உள்ளது என்றோ அவர் கேட்டால், விடை சொல்லும் பொறுப்பு அங்கு எவருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்காது.