போர் விதவையின் பிறந்த தேதி

1965 போரில் கணவரை இழந்தபோது ஒரு பெண்ணுக்கு 20 வயது என்று வைத்துக்கொள்வோம். 2025இல் அவருக்கு 80. ராணுவக் குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயது முடிந்தால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாக வரவேண்டும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100 வயதில் இரட்டிப்பு. ஆறாவது ஊதியக் குழு வழியாக வந்த சலுகை இது.

சின்னத் தொகை இல்லைங்க. சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணி காரணமான மரணம் என்றால் 60. போரில் இறந்தவரின் மனைவிக்கு முழுச் சம்பளம். குறைந்தபட்சமான 9,000 ரூபாயையே எடுத்துக்கொண்டாலும் 20 சதவீதம் என்பது 1,800. அதற்கு அகவிலைப்படி வேறு. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை மொத்தமே 1,200 ரூபாய்தான் (2023 ஆகஸ்டிலிருந்து).

சிக்கல் வயதில்தான். பழைய பென்ஷன் ஆணைகள் பலவற்றில் மனைவியின் பெயர் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. எங்கள் திருத்தங்கல் பக்கம் 1940களில் வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமல் தீப்பெட்டி ஒட்டிய பெண்ணிடம் எந்தச் சான்றிதழைக் கேட்பது? தேதிக் கட்டம் காலியாக இருந்தால் "80 ஆச்சா?" என்ற கேள்விக்கு நிரலால் "ஆமாம்" சொல்ல முடியாது. பிழைச் செய்தி ஒன்றும் வராமலே போகலாம். என் தொழிலில் நான் அதிகம் பயப்படுவது இந்த வகைப் பிழைக்குத்தான். மாதா மாதம் பணம் வருகிறதே, யார் சந்தேகப்படுவார்கள்?

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படிப் பாட்டி யாராவது இருந்தால் 'ஸ்பர்ஷ்' தளத்தில் அவர் விவரத்தைத் திறந்து பிறந்த தேதியைப் பாருங்கள். காலி என்றால் ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை போன்றவற்றை வைத்துச் சேர்க்கலாம். விருதுநகர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம். ஆனால் முதலில் அட்டைகளை ஒப்பிட்டுவிடுங்கள். ஒன்றில் 1945, இன்னொன்றில் 1950 என்று இருக்கும். அந்த ஐந்து வருஷம் ஐந்து வருஷத்துப் பணம்.

இன்னொரு கூத்து: 80 "முடிந்தால்" என்பதா, 80ஆவது வயது "தொடங்கினால்" என்பதா? 79 முடிந்த மறுநாளே தகுதி வந்துவிடுகிறது என்று ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியின் வழக்கில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஒரு வருஷ வித்தியாசம். மத்திய அரசு பொதுவாக 80 முடிந்த பிறகே தருகிறது. பிறந்தநாள் வரும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து கணக்கு.

இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்களின் மனைவிமார் கதை வேறு. சுமார் 2 லட்சமாக இருந்த இந்தியப் படை 25 லட்சமாகப் பெருகியது. போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 வருஷப் பணி வேண்டும், இவர்களுக்கு அது இல்லை. அடிப்படையே பூஜ்யம் என்றால் 20 சதவீதம் எங்கே வரும்? அவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாநில அரசு தனியாக மாத நிதியுதவி வைத்திருக்கிறது. அதற்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த பழைய காகிதம் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.