தெளிந்த சூப் ரெண்டு நாளைக்குத்தான்!

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வரும் நேரத்தில், கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தங்கள் டயட்டீஷியனிடம் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "ஆட்டுக்கால் சூப் வெச்சுக் கொடுக்கலாமாம்மா? உடம்பு தேறணுமே!" கொடுக்கலாம் என்றுதான் பதில் வரும். அதோடு சேர்த்துச் சொல்லப்படும் நிபந்தனைகள் யார் காதிலும் ஏறுவதில்லை.

அந்த நிபந்தனைகள் ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரணமாக நம் இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். 'ஸ்லீவ்' அறுவையில் அதில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஸ்டேப்ளர் போட்டு மூடி, ஒரு வாழைப்பழத் தடிமனில் குழாயாக விட்டுவைக்கிறார்கள். மிஞ்சுவது சுமார் 100 முதல் 150 மி.லி. கொள்ளளவு. 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த 'பைபாஸ்' முறையின் இன்றைய வடிவத்தில் இன்னும் குறைவு, 30 மி.லி. அளவுள்ள சின்னப் பைதான் இரைப்பை. மருந்து அளக்கும் பிளாஸ்டிக் அவுன்ஸ் கிளாஸ் இருக்கிறதே, அது ஒருமுறை நிரம்பினால் அந்தப் பையும் நிரம்பிவிடும்.

ஸ்டேப்ளர் போட்ட இடம் ஆற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கெட்டியான உணவு அந்த இடத்தில் அழுத்தம் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் சூப். முதல் ஓரிரு நாள் வடிகட்டிய காய்கறி சூப், கோழி வேகவைத்த தண்ணீர், நீர்மோர். பிறகு இரண்டு வாரம் போல கொஞ்சம் கெட்டியான திரவ உணவு, அடுத்து மசித்த உணவு. ஆறு முதல் எட்டு வாரத்தில் அளவோடு எல்லாரும் சாப்பிடுவதைச் சாப்பிடலாம். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் உங்களுக்குச் சட்டம். பக்கத்துத் தெரு அக்காவுக்குக் கொடுத்த சார்ட் அல்ல.

குடிக்கும் முறையும் முக்கியம். "சிப் சிப்பா குடிங்க" என்று நர்ஸ் சொல்வது சும்மா இல்லை. முதல் நாட்களில் ஓர் அவுன்ஸ் சூப்பைக் கால் மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும். "ஒரு டம்ளர்தானே, மடக்குன்னு குடிச்சிடும்மா" என்று மாமியார் ஆசையாக நீட்டும் டம்ளரில் இருப்பது 200 மி.லி. குடித்தால் நெஞ்சை அடைக்கும், வாந்தி வரும்.

இப்போது ஆட்டுக்காலுக்கு வருவோம். இரவெல்லாம் கொதித்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் அந்த சூப்பில் சத்து இல்லாமலா போகும் என்று தோன்றும். அந்தப் பிசுபிசுப்பு எலும்பிலும் தசைநாரிலும் இருந்து இறங்கும் ஜெலட்டின். அதுவும் புரதம்தான், ஆனால் அரைகுறைப் புரதம்; உடம்புக்கு அவசியமான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது. அறுவைக்குப் பிறகு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. அது கிடைக்காவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். மாடி ஏறினால் கால் துவளும். வேகமாக எடை இறங்குவதாலேயே மூன்றாம் மாதவாக்கில் பலருக்கு முடி கொட்டும். புரதமும் இரும்புச் சத்தும் குறைந்தால் இன்னும் கொத்துக் கொத்தாகக் கொட்டும். ஆட்டுக்கால் சூப் வாய்க்கு ருசி, தொண்டைக்கு இதம். அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்ற வேண்டாம்.

ஆக, தெளிந்த சூப் கட்டம் முடிந்ததும் சூப்புக்குள் சாப்பாட்டை ஒளித்துவைக்கத் தெரிய வேண்டும். 30 கிராம் பாசிப்பருப்பை, தோல் சீவிய சுரைக்காய் நாலு துண்டு, இரண்டு பல் பூண்டு, ஒரு சிட்டிகை சீரகம் சேர்த்துக் குக்கரில் குழைய வேகவிடுங்கள். ஆறியதும் மிக்ஸியில் நைசாக அரைத்து, திப்பி மட்டும் நிற்கும்படி வடிகட்டுங்கள். ஏழு கிராம் புரதம் தேறும். தாளிப்பு வேண்டாம், ஒரே ஒரு கடுகு போதும், நாளெல்லாம் உறுத்துவது போலிருக்கும். அசைவக்காரர்கள் எலும்பில்லாத கோழிக்கறியை வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே அரைத்துக் கரைக்கலாம். புரோட்டீன் பவுடர் எழுதித் தந்திருந்தால், கொதிக்கும் சூப்பில் கொட்டாதீர்கள், முட்டை போலத் திரிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் தனியே கரைத்து, சூப் குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு கலக்க வேண்டும்.

ஹோட்டல் ஸ்வீட் கார்ன் சூப்பையும் பாக்கெட் சூப்பையும் மறந்துவிடலாம். இரண்டிலும் கெட்டித்தன்மை கார்ன்ஃபிளாரால் வருவது. உப்பும் அதிகம், பலவற்றில் சர்க்கரையும் உண்டு. பைபாஸ் செய்துகொண்டவர்கள் சர்க்கரை விஷயத்தில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அது நேராகச் சிறுகுடலில் இறங்கி, வியர்த்து, படபடத்து, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். ரசம் கேட்பவர்களும் உண்டு, நம் ஊரில் கேட்காமல் இருப்பார்களா? புளியும் மிளகாயும் சேர்ந்தது முதல் வாரங்களில் ஆகாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் பலரையும் இரண்டாம் மாதத்துக்குப் பிறகுதான் பிடிக்கிறது. புண் ஆறிவிட்டது, இட்லி இறங்குகிறது, ஆனாலும் சூப்பை விட மனம் வருவதில்லை. திரவம் புது இரைப்பையில் தங்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அரை மணியில் மறுபடி பசிக்கும், மறுபடி ஒரு கிண்ணம். அதில் கிரீமும் வெண்ணெயும் சேர்ந்தால் அறுவை செய்துகொண்டதே வீண். முட்டை, பனீர், மீன், சுண்டல் என்று மென்று சாப்பிடுவதுதான் வயிற்றில் நின்று பசியடக்கும். கல்யாண பஃபேயில் முதல் வேலையாக சூப் கிண்ணத்தை ஏந்தும் பழக்கமும் இவர்களுக்கு ஆகாது. சாப்பாட்டோடு திரவம் கூடாது; சாப்பிட்ட பிறகு அரை மணி இடைவெளி விட்டுத்தான் எதையும் குடிக்க வேண்டும். முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுளுக்கும் தொடரும். எந்த சூப்பும் அவற்றுக்கு ஈடாகாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூப்கூடத் தங்காமல் தொடர்ந்து வாந்தி எடுத்தால், 'கேஸ்' என்று சொல்லி இஞ்சிச்சாறு கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். தையாமின் என்ற பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே வற்றிப்போய் நரம்பையும் மூளையையும் பாதிக்கும். காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, கடுமையான வயிற்றுவலி இருந்தால் ஸ்டேப்ளர் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டிருக்கலாம். பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல், அறுவை செய்த மருத்துவமனைக்கே உடனே கூட்டிப்போங்கள்.